வேலையை விடாமல் மேலாண்மை படிப்பது: எம்பிஏவா, டிப்ளமாவா, சான்றிதழா?

"எந்த எம்பிஏ நல்லது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடுத்த பதவி உங்களுக்கு இதுவரை ஏன் கிடைக்கவில்லை? பெரும்பாலானோரிடம் இதற்குத் தயாரான பதில் இருப்பதில்லை. "அனுபவம் இருக்கு, ஆனா படிப்பு இல்லையே" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையாக இருக்கலாம், வெறும் ஊகமாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டு உழைப்பையும் பெரிய தொகையையும் ஊகத்தை நம்பிப் போடக் கூடாது.

தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. நீங்கள் விரும்பும் பதவிக்கு வந்த வேலை விளம்பரங்களில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, தகுதி என்ற பகுதியை மட்டும் படியுங்கள். முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்கிறார்களா, இருந்தால் நல்லது என்கிறார்களா, பேச்சே எடுக்கவில்லையா? இருக்கும் நிறுவனத்திலேயே மேலே போக நினைத்தால், பதவி உயர்வை முடிவு செய்யும் குழுவில் இருக்கும் ஒருவரிடம் நேரடியாகக் கேட்டுவிடலாம். விதிமுறை இறுக்கமான அலுவலகங்களில் ஒரு படிநிலைக்கு மேல் பட்டம் இல்லாதவரின் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே பட்டம் இருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. வேறு இடங்களில் குறை திறமையில் இருக்கும். லாப நட்டக் கணக்கைப் பார்த்து நிலைமையைச் சொல்லத் தெரியாது, பட்ஜெட் போட்டுப் பழக்கமில்லை, பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியதில்லை. இன்னொரு கூட்டம் துறையையே மாற்ற நினைப்பவர்கள். மென்பொருளிலிருந்து நிர்வாக ஆலோசனைக்கு, செவிலியர் பணியிலிருந்து மருத்துவமனை நிர்வாகத்துக்கு என்று. இவர்களுக்குப் பாடத்தைவிடப் புது ஆட்களின் அறிமுகம் முக்கியம்.

இந்த மூவருக்கும் ஒரே படிப்பு பொருந்தாது. ஆனால் கல்வி நிறுவனங்களின் விளம்பரங்கள் மூவரையும் ஒரே வாசகத்தால்தான் கூப்பிடுகின்றன.

மணிக்கணக்கு

ஒப்பிடும்போது எல்லோரும் கட்டணத்தையும் தரவரிசையையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மணிக்கணக்கை. படிப்பின் அளவை கிரெடிட் என்ற அலகால் சொல்வார்கள். பிரிட்டிஷ் முறையில் முதுநிலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆக மொத்தம் 1800 மணி. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுத் தயாரிப்பு, கடைசியில் எழுதும் ப்ராஜெக்ட் அறிக்கை எல்லாம் இதற்குள் அடக்கம். ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட் முறையான இசிடிஎஸ்ஸில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி. அங்கே 60 கிரெடிட் கொண்ட சின்ன எம்பிஏகூட 1500 மணியைத் தொட்டுவிடும்.

இதை வாரங்களுக்குப் பிரித்துப் பாருங்கள். உடம்பு சரியில்லாத நாட்கள், வீட்டு விசேஷங்கள், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி எல்லாம் போக ஆண்டுக்கு 45 வாரம் படிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். 1800 மணியை இரண்டு ஆண்டில் முடிக்க வாரம் 20 மணி வேண்டும். மூன்று ஆண்டு என்றால் 13 மணிக்குச் சற்று மேல். நான்கு ஆண்டு என்றால் 10 மணி. முழுநேர வேலையில் இருப்பவர் வாரநாட்களில் நான்கு இரவு இரண்டிரண்டு மணியும், வார இறுதியில் ஐந்து மணியும் ஒதுக்கினால் 13 வரும். ஆகவே மூன்று ஆண்டுத் திட்டம் கஷ்டம்தான், ஆனால் நடக்கும். இரண்டு ஆண்டுத் திட்டம் வேண்டுமென்றால் அலுவலக நேரத்திலிருந்தே ஒரு பகுதியைக் கேட்டு வாங்கியாக வேண்டும். "வாரம் எட்டு மணி போதும், 18 மாதத்தில் எம்பிஏ" என்று யாராவது சொன்னால், மொத்தக் கிரெடிட் எத்தனை என்று கேட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். கணக்கு உதைக்கும்.

இன்னொன்று. அந்த 13 மணி நேரம் இப்போது சும்மா கிடக்கவில்லை. குழந்தைக்கோ, பெற்றோருக்கோ, தூக்கத்துக்கோ போய்க்கொண்டிருக்கிறது. யாரிடமிருந்து எடுக்கிறோமோ அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். தூக்கத்திடம் பேச முடியாது என்பதால் எல்லோரும் முதலில் அதில்தான் கை வைக்கிறார்கள். ஒரு செமஸ்டர் தாங்கும், மூன்று ஆண்டு தாங்காது.

பகுதிநேர எம்பிஏ, எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ

ஹார்வர்டில் 1908 இல் எம்பிஏ தொடங்கியபோது அது முழுநேரப் படிப்பு. வேலையில் இருந்துகொண்டே படிக்கும் மேலாளர்களுக்கென்று எக்ஸிகியூட்டிவ் எம்பிஏவை முதலில் கொண்டுவந்தது சிகாகோ பல்கலைக்கழகம், 1943 இல். இன்றைக்கும் இந்த எக்ஸிகியூட்டிவ் வகுப்புகளில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் அனுபவம் உள்ளவர்கள். மாதம் ஒரு முறை மூன்று நான்கு நாள் தொடர்ச்சியாகவோ, ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியிலோ வகுப்பு இருக்கும். 18 முதல் 24 மாதத்தில் முடியும். வகுப்பு நாட்களுக்கு விடுப்புத் தருகிறோம் என்று பல இடங்களில் நிறுவனத்தின் கடிதத்தையே கேட்பார்கள். மேலே சொன்ன வாரம் 20 மணிச் சிக்கல் தீர்வது இந்தக் கடிதத்தால்தான். இவ்வகைப் படிப்புகளிலேயே கட்டணமும் பெரும்பாலும் இதற்குத்தான் அதிகம். நிறுவனங்கள் பணம் கட்டிய காலத்தில் உருவான விலை அது. இப்போது சொந்தப் பணத்தில் படிப்பவர்கள் நிறையப் பேர் என்றாலும் விலை இறங்கவில்லை.

ஏற்கெனவே ஒரு பிரிவைத் தனியாக நிர்வகிப்பவர், அடுத்து இயக்குநர் நிலைக்குப் போகப்போகிறவர், செலவில் பாதியையாவது நிறுவனம் ஏற்கிறது என்பவர், இவர்களுக்கு எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ சரி. ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு டீம் லீடாக இருப்பவருக்கு இது அவசரம். பல இடங்களில் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். சேர்த்தாலும், தொழிற்சாலையை மூடுவதா வேண்டாமா என்று நிஜமாகவே முடிவெடுத்தவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கத்தான் முடியும்.

சாதாரணப் பகுதிநேர எம்பிஏ இதற்கு ஒரு படி முன்னால் வருவது. எம்பிஏ படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஆம்பா அமைப்பு, மாணவர்களுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு பணி அனுபவம் வேண்டும் என்கிறது. விருப்பப் பாடங்கள் அதிகம். மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு. சில வணிகப் பள்ளிகள் ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கும். இப்போதைய ஜிமேட் 64 கேள்வி, இரண்டேகால் மணி நேரம், மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். அதனால் சேரும் ஆண்டு முடிவாகாதவர்கள்கூட, வேலைப்பளு குறைந்த ஒரு காலத்தில் எழுதி வைத்துவிடலாம்.

துறை மாற நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இரண்டு ஆண்டு முழுநேர எம்பிஏ மூலம் பலர் துறை மாறுவதற்குப் பெரிய காரணம் பாடத்திட்டம் அல்ல, நடுவில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப். புதுத் துறையில் இரண்டு மூன்று மாதம் வேலை பார்த்து, அங்கிருந்தே வேலைக்கான அழைப்பை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். பகுதிநேர மாணவருக்கு அந்த வாசல் பெரும்பாலும் கிடையாது, ஏனென்றால் அவர் தன் வேலையை விட முடியாது. கேம்பஸ் தேர்வுகளிலும் சில பள்ளிகள் பகுதிநேர மாணவர்களைச் சேர்ப்பதில்லை. பகுதிநேரமாகப் படித்துவிட்டுத் துறை மாறலாம் என்று திட்டமிடுபவருக்கு என் யோசனை, முதலில் இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே பக்கவாட்டில் வேறு பிரிவுக்கு நகரப் பாருங்கள் என்பதுதான். சம்பளம் ஏறாவிட்டாலும் பரவாயில்லை. அதன்பின் படிக்கும் படிப்புக்கு வேறு மதிப்பு. நகர வழியே இல்லை என்றால் வேலையை விட்டு முழுநேரம் படிப்பதைத் தீவிரமாக யோசிக்கலாம். இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துச் செலவாகக் கணக்கிட்ட பிறகு.

அனுபவமில்லாதவர்களுக்கு வகுப்பறையில் மேலாண்மையைக் கற்றுத்தர முடியாது என்று பல ஆண்டுகளாக வாதிட்டு வருபவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க். அவர் சொல்வதில் முழுக்க உடன்பட வேண்டியதில்லை. ஆனால் 1996 இல் அவரும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய, ஐஎம்பிஎம் என்ற மேலாளர்களுக்கான முதுநிலைப் படிப்பின் அமைப்பு யோசிக்க வைப்பது. பணியில் இருக்கும் மேலாளர்கள் தங்கள் அலுவலகச் சிக்கலையே வகுப்புக்குக் கொண்டுவந்து விவாதிப்பார்கள். நீங்கள் எந்தப் படிப்பை எடுத்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அசைன்மென்ட்டை என் வேலையிலிருந்தே எடுத்து எழுத அனுமதி உண்டா? உண்டு என்றால், படிப்புக்கு ஒதுக்கிய மணி நேரத்தில் ஒரு பகுதி வேலைக்கும் பயன்படும். வேறு நிறுவனங்களின் நிகழ்வுகளை அலசும் கேஸ் ஸ்டடி மட்டும்தான் என்றால் இரண்டும் தனித்தனிச் சுமை.

ஆன்லைன்

ஆன்லைன் என்றாலே மதிப்புக் குறைவு என்ற காலம் போய்விட்டது. இல்லினாய் பல்கலைக்கழகம் 2016 இல் கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஎம்பிஏ என்ற பெயரில் எம்பிஏ தொடங்கியது. பெயர் பெற்ற வேறு பல பள்ளிகளும் முழு எம்பிஏவை இணையத்தில் தருகின்றன. அங்கீகாரத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஏஏசிஎஸ்பி, ஆம்பா, ஈக்விஸ் என்று மூன்று அங்கீகாரங்களின் பெயர்கள் அடிக்கடி வரும். மூன்றும் பெற்ற பள்ளியை மூன்று மகுடப் பள்ளி என்பார்கள். ஆனால் இவை தரத்துக்கான முத்திரை. உங்கள் நாட்டில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ அந்தப் பட்டம் செல்லுமா என்பது வேறு கேள்வி. பட்டச் சான்றிதழில் ஆன்லைன் என்று அச்சிடுவார்களா என்பதும் வேறு கேள்வி. தடை பட்டம் இல்லாததுதான் என்று கண்டவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும்.

ஆன்லைனின் உண்மையான ஆபத்து பாதியில் விடுவது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்திய இலவசப் பாடங்களை ஆராய்ந்து 2019 இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18 இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதே ஆண்டில், பணம் கட்டிச் சான்றிதழுக்காகப் பதிந்தவர்களில் 46 சதவீதம் முடித்தார்கள். இவை தனித்தனிப் பாடங்கள், பட்டப்படிப்பு அல்ல. பணம் கட்டியவர்கள் முதலிலேயே உறுதியானவர்களாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும், பணம் கட்டியவர்களிலும் பாதிக்கு மேல் நடுவில் நின்றார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அதனால் ஆன்லைனில் சேரும்போது, "எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்" என்ற வசதியை நான் குறையாகவே பார்ப்பேன். வாரம் ஒரு நேரலை வகுப்பு, ஒரே குழுவோடு கடைசிவரை போகும் அமைப்பு, தள்ளிப்போட முடியாத டெட்லைன், இவை இருக்கும் படிப்பைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

படிப்படியாக

ஐந்து முதல் எட்டு ஆண்டு அனுபவத்தில் இருப்பவர்களில் பலருக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்: முதலில் சிறிய சான்றிதழ், அது பயன்பட்டால் டிப்ளமா, தேவைப்பட்டால் பட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். வெளியேறினாலும் பாதியில் விட்டவர் என்ற பெயர் வராது.

இதில் நிறையப் பேர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தின் தகுதிக் கட்டமைப்பில் லெவல் என்பது பாடத்தின் கடினத்தை மட்டும் சொல்வது. அளவைச் சொல்ல அவார்டு, சர்டிஃபிகேட், டிப்ளமா என்ற மூன்று பெயர்கள். மொத்தம் 120 மணி வரை அவார்டு, 121 முதல் 369 வரை சர்டிஃபிகேட், 370 மணியும் அதற்கு மேலும் டிப்ளமா. லெவல் 7 என்றால் முதுநிலைப் பட்டத்தின் கடினம். ஆகவே லெவல் 7 அவார்டு ஒன்றை 100 மணி நேரத்தில் முடித்துவிட்டு "எம்பிஏவுக்குச் சமம்" என்று ரெஸ்யூமில் போடுபவர்கள் இருக்கிறார்கள். விற்பவர்களில் சிலரே அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். கடினம் சமம், அளவு பதினெட்டில் ஒரு பங்கு. நேர்காணல் எடுப்பவருக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஒரு வரியே வினையாகிவிடும். சிஎம்ஐ எனப்படும் சார்ட்டர்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் இந்த எல்லா அளவிலும் படிப்புகளை வைத்திருக்கிறது. அளவைச் சரியாகப் புரிந்துகொண்டு எடுத்தால் நல்ல படிக்கட்டு.

முதுநிலைப் பாடங்கள் சிலவற்றை இணையத்தில் சேர்த்துத் தரும் எட்எக்ஸின் மைக்ரோமாஸ்டர்ஸ் தொகுப்புகளும் இதே வகை. இதில் முன்னோடி எம்ஐடியின் சப்ளை செயின் மேலாண்மைத் தொகுப்பு. அதை முடித்தவர்கள் தனியாக விண்ணப்பித்து இடம் பெற்றால், ஒரு செமஸ்டர் நேரில் படித்து முதுநிலைப் பட்டம் வாங்கலாம். "விண்ணப்பித்து இடம் பெற்றால்" என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னப் படிப்பின் கிரெடிட் பெரிய படிப்பில் தானாக வரவு வைக்கப்படும் என்று யாரும் நினைக்கக் கூடாது. எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை கிரெடிட், எத்தனை ஆண்டுக்குள் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தொழில்முறைச் சான்றிதழ்கள்

ப்ராஜெக்ட் மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழுக்கு, நான்கு ஆண்டுப் பட்டம் உள்ளவராக இருந்தால், ப்ராஜெக்ட்டுகளை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். நிபந்தனையைப் பார்த்தாலே விஷயம் புரியும். நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குத்தான் இது அத்தாட்சி. ப்ராஜெக்ட் மேலாளராக வேறு நிறுவனம் தாவ நன்றாக உதவும். அந்த வேலையே பார்த்திராதவரை மேலாளராக்காது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 60 பிடியூ, அதாவது தொடர்கல்விப் புள்ளிகள், சேர்த்துப் புதுப்பிக்கவும் வேண்டும். வேலைமுறைகளில் தவறுகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறைக்குத் தரும் பெல்ட் என்ற சான்றிதழ்களுக்கு உலகம் முழுதும் பொதுவான ஒரே அதிகார அமைப்பு கிடையாது. யார் கொடுத்த பெல்ட், உண்மையான ப்ராஜெக்ட் ஒன்றைச் செய்து காட்டச் சொன்னார்களா என்பதைப் பொறுத்தே மதிப்பு.

இவ்வளவு போதுமா என்றால், திறமைக் குறை ஒரே ஒரு இடத்தில் இருப்பவருக்குப் போதும். நிதி மட்டும் புரியவில்லை என்பவர் அதற்காக எம்பிஏ முழுவதையும் படிப்பது வீண்.

படிக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான்

இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. பட்ஜெட் பொறுப்பைக் கேட்டு வாங்குவது, தடுமாறிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராஜெக்ட்டை நானே எடுக்கிறேன் என்று முன்வருவது, மேலதிகாரி விடுப்பில் போகும்போது அவர் இடத்தில் அமர்வது. தடை திறமையில்தான் என்றால் இவை 13 மணி நேர வாரங்களைவிட வேகமாகக் கற்றுத்தரும், ரெஸ்யூமிலும் நன்றாகப் படிக்கும். பதவி உயர்வு பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஆண்டில் படிப்பைத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. புதுப் பொறுப்பின் முதல் ஆறு மாதமும் முதல் செமஸ்டரும் ஒன்றாக வந்தால் இரண்டில் ஒன்று அடிவாங்கும், அது வழக்கமாகப் படிப்பாகத்தான் இருக்கும்.

பணம், பாண்ட், மேலதிகாரி

நிறுவனம் கட்டணம் கட்டுகிறது என்றால் கூடவே ஒரு ஒப்பந்தமும் வரும். படிப்பு முடிந்து இத்தனை ஆண்டு இங்கேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதில் தவறில்லை, ஆனால் வரிகளைப் படித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். காலக்கெடு படிப்பு முடிந்த நாளிலிருந்தா, ஒவ்வொரு தவணை கட்டிய நாளிலிருந்தா? இரண்டுக்கும் நடுவே சில ஆண்டுகள்கூட வித்தியாசம் வரலாம். பாதிக் காலம் இருந்துவிட்டுப் போனால் பாதித் தொகைதானா, முழுத்தொகையா? நிறுவனமே ஆள்குறைப்பு செய்தால் யார் கட்டுவது? தேர்வில் தவறினால்? கடைசி இரண்டு கேள்விகளும் பல ஒப்பந்தங்களில் இருப்பதே இல்லை. கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் ஹெச்ஆர் காட்டும் இணக்கம் பின்னால் இருக்காது.

அப்புறம், படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்ற பேச்சைச் சேருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பட்டம் வாங்கிக்கொண்டு வந்து இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டால், வாழ்த்துகள் என்பதோடு முடிந்துவிடும். "இந்தப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இன்ன பொறுப்பை எனக்குத் தரமுடியுமா" என்று கேட்டு ஆண்டு மதிப்பீட்டில் எழுதச் செய்தால் குறைந்தது ஒரு பிடி இருக்கும். மேலதிகாரியிடம் சொல்லாமல் படிப்பதும் உண்டு. தாவுவதற்காகப் படிப்பவர்களுக்கு அது புரிகிறது. ஆனால் தேர்வு வாரத்தில் விடுப்புக் கேட்கும்போது காரணம் சொல்லியாக வேண்டி வரும்.

ஒரே மாதிரியான இரண்டு படிப்புகளுக்கு நடுவே முடிவு செய்ய முடியாமல் நிற்பவர்கள், பட்டம் முடிக்க அனுமதிக்கும் அதிகபட்ச ஆண்டுகளையும், நடுவில் ஒரு செமஸ்டரை நிறுத்தி வைக்கும் விதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பை ஐந்து ஆண்டுக்குள் முடிக்கலாம், கூடுதல் கட்டணமில்லாமல் இரண்டு முறை நிறுத்தி வைக்கலாம் என்றால் அதை எடுங்கள், தரவரிசையில் சில இடங்கள் பின்னால் இருந்தாலும். அங்கே படித்தவர்களிடம் பேசும்போதும் "படிப்பு எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருந்தது என்பார்கள். உங்கள் வேலையும் தேர்வும் மோதிய வாரத்தில் பள்ளி என்ன செய்தது என்று கேளுங்கள்.